கிழித்தெடுத்த விளம்பரப் பக்கங்கள்

அம்மா பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. வாரப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் கதைப் பக்கங்களை மட்டும் அலுங்காமல் பிரித்தெடுத்து வைப்பார். தொடர் முடிந்த பிறகு மொத்தமாகத் தைத்து அட்டை போட்டு வாங்கி வருவார். மற்றதெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். ஆனாலும் கதையின் மறுபுறத்தில் ஒட்டிக்கொண்டு சில விளம்பரங்கள் தப்பி வந்துவிடும்: தலைவலித் தைலம், தீபாவளிப் பட்டு, தையல் இயந்திரம். சிறு வயதில் கதையைவிட அவற்றைத்தான் நான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து மனிதர்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பது கதையில் பாதியும் அந்த விளம்பரங்களில் மீதியுமாக இருந்தது.

லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிவந்த சில ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில் ‘லேண்ட் ஆஃப் சன்ஷைன்’ மாத இதழின் பைண்டு செய்த தொகுதிகளைப் பார்த்தபோது அந்தத் தகரப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒருவர் அம்மாவைப் போலவே செய்திருந்தார். கட்டுரைகளும் கதைகளும் கவிதைகளும் இருந்தன. முன்னும் பின்னும் இருந்திருக்க வேண்டிய விளம்பரத் தாள்கள் முழுவதும் நீக்கப்பட்டிருந்தன. அன்றைய நூலகங்களில் அதுதான் வழக்கம். அலமாரியில் இடம் மிச்சம். விளம்பரத்தை எவர் தேடி வரப்போகிறார் என்ற எண்ணம். எனக்கு அது பெரிய இழப்பாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. ஏனென்றால் இந்தப் பத்திரிகை பிறந்ததே விளம்பரத்துக்காக. தென் கலிஃபோர்னியாவை விற்பதற்காக.

அதை விற்க வேண்டிய நெருக்கடி அப்போது இருந்தது. 1880-இல் லாஸ் ஏஞ்சலிஸ் 11,183 பேர் வாழ்ந்த சிற்றூர். 1880-களின் நடுவில் இரண்டாவது ரயில் நிறுவனமும் நகருக்குள் வந்தது. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கட்டணத்தைக் குறைத்தன. 1887-இல் கன்சாஸ் சிட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வருவதற்கான டிக்கெட் ஒரு கட்டத்தில் ஒரு டாலருக்கே இறங்கியது. ஜனங்கள் வந்து குவிந்தார்கள். மனைகள் கைமாறிக்கொண்டே இருந்தன. வெறும் காட்டில் முளைக்குச்சி அடித்து ஊர்ப்பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே எல்லாம் சரிந்தது. வந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். நகரின் வணிகர்கள் கூடி 1888-இல் வர்த்தக சபையைப் புதுப்பித்ததற்கு இந்தச் சரிவுதான் காரணம். ஆரஞ்சுப் பழங்களையும் வெயிலையும் காட்டி, கிழக்கே பனியில் உறைந்து கிடப்பவர்களை நிலையாகக் குடியேற அழைப்பதே அதன் வேலை. அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான் 1894 ஜூனில் இந்த இதழைத் தொடங்கினார்கள். தனி இதழ் 10 சென்ட், ஆண்டுச் சந்தா 1 டாலர்.

முதல் சில மாதங்களின் இதழ்களை நான் ஆர்வத்தோடு படித்ததில்லை. தட்பவெப்பம், எலுமிச்சை விளைச்சல், ஹோட்டல் படங்கள், இங்கே வந்தால் உடம்பு தேறும் என்கிற உறுதிமொழிகள். துண்டுப் பிரசுரத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

1895 ஜனவரியில் சார்லஸ் ஃபிளெட்சர் லம்மிஸ் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்து அது வேறு பத்திரிகை.

லம்மிஸ் மாசசூசெட்ஸ்காரர். 1859-இல் பிறந்தவர். ஹார்வர்டில் சேர்ந்து பட்டம் வாங்காமல் வெளியேறினார். தியோடோர் ரூஸ்வெல்ட் அங்கே அவருடைய சமகாலத்தவர். 1884 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நாளிதழ் வேலை காத்திருக்க, ரயிலில் வராமல் சின்சினாட்டியிலிருந்து நடந்தே புறப்பட்டார். 143 நாட்கள், ஏறத்தாழ 3,500 மைல். அரிசோனாவில் கை முறிந்தபோது தானே இழுத்துப் பொருத்திக் கட்டிக்கொண்டு நடையைத் தொடர்ந்தார். 1885 பிப்ரவரி 1 அன்று வந்து சேர்ந்து, சேர்ந்த கையோடு ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ நாளிதழின் நகரச் செய்தி ஆசிரியரானார். தூக்கமே இல்லாமல் வேலை பார்த்ததில் மூன்றே ஆண்டுகளுக்குள் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. நியூ மெக்சிகோவுக்குப் போய் இஸ்லெட்டா என்ற பூர்வகுடி ஊரில் தங்கி, ஒற்றைக் கையால் குதிரை ஏறி, புகைப்படம் எடுத்து, மெல்ல மெல்லத் தேறினார். அந்த மக்கள்தான் அவரை மீட்டெடுத்தார்கள். பின்னாளில் அந்தப் பத்திரிகையில் அவர் எழுதிய சூடான பக்கங்கள் அனைத்துக்கும் ஊற்று அந்த ஊர்தான் என்பது என் எண்ணம்.

இதழின் அட்டையில் ஸ்பானிஷ் மொழியில் ஒரு வாசகம் இடம்பெற்றது. கதிரவனின் நாடுகள் ஆன்மாவை விரியச் செய்கின்றன என்பது அதன் பொருள். மனை விற்கிறவருக்கும் இது பொருந்தும், கவிஞருக்கும் பொருந்தும். லம்மிஸ் இரண்டு அர்த்தத்திலும் சேர்த்தே சொன்னார் என்று நம்புகிறேன். மலைச்சிங்கத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டு ‘சிங்கத்தின் குகையில்’ என்ற தலைப்பில் மாதந்தோறும் தலையங்கப் பகுதி எழுதினார். புத்தக மதிப்புரைக்குத் தனிப் பகுதி; அதையும் பெரும்பாலும் அவரே எழுதினார். தென்மேற்குப் பிரதேசத்தைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எழுதிய கிழக்கத்தி எழுத்தாளர் எவரும் அந்தப் பக்கங்களில் தப்பியதில்லை.

வர்த்தக சபை விரும்பியது எல்லாம் அதில் இருந்தது: எந்தெந்த ஊரில் என்ன விளைகிறது, எங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, ஜனவரியில் ரோஜா எப்படிப் பூக்கிறது. ஆனால் அதே இதழில் 1898 தொடங்கி அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பிடித்துக்கொண்டதை எதிர்த்துத் தலையங்கம் வரும். ஊரே கொடி பிடித்து ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த நேரத்தில், சந்தாதாரரும் விளம்பரதாரரும் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே எழுதினார். 1899-இல் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொலைதூர விடுதிப் பள்ளிகளில் அடைத்து, அவர்கள் மொழியையே மறக்கச் செய்யும் அரசுக் கொள்கையைத் தாக்கி ஒரு கட்டுரைத் தொடரைத் தொடங்கினார். இஸ்லெட்டாவில் இருந்தபோது, பிள்ளைகளைத் திருப்பித் தரமறுத்த ஒரு பள்ளியை எதிர்த்துத் தகப்பன்மாரோடு சேர்ந்து நின்று வழக்காடி, பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வந்தவர் அவர். பிள்ளையைப் பிரிந்த வீட்டை உள்ளிருந்து பார்த்தவருடைய எழுத்து என்பது அந்தத் தொடரின் ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது.

எழுதியவர்களின் பட்டியலும் சாதாரணமானதல்ல. ஜோவாகின் மில்லர், இனா கூல்பிரித், எட்வின் மார்க்கம், சார்லஸ் வாரன் ஸ்டாடர்ட், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டான், ஓவியர் வில்லியம் கீத், நவாஹோ மக்களின் சடங்குகளை ஆராய்ந்த வாஷிங்டன் மாத்யூஸ். பாலைவனத்தை எழுதிப் பின்னாளில் பெரும் பெயர் பெற்ற மேரி ஆஸ்டின் தொடக்க காலத்தில் இங்கேதான் எழுதினார். பெரிய சன்மானம் கொடுக்கும் வசதி பத்திரிகைக்கு இல்லை. அதனால் எழுத்தாளர்களும் ஓவியர்களும் பலர் பங்குதாரர்களாகவே சேர்ந்துகொண்டார்கள். நம் சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சுவை உடனே புரியும்.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஷார்லட் ஹால். அரிசோனாவின் ஒரு பண்ணை வீட்டில் மாடு கன்றுகளைப் பார்த்துக்கொண்டு கவிதை எழுதிய பெண். 1902 ஜனவரியில் பத்திரிகையின் பெயர் ‘அவுட் வெஸ்ட்’ என்று மாறியபோது, அந்தப் பெயரிலேயே அவர் எழுதிய கவிதைதான் புதிய இதழைத் திறந்து வைத்தது. 1906-இல் அரிசோனாவையும் நியூ மெக்சிகோவையும் ஒரே மாநிலமாகச் சேர்க்கப் பேச்சு நடந்தபோது அதை எதிர்த்து அவர் எழுதிய கவிதையையும் இந்த இதழ்தான் வெளியிட்டது. காங்கிரஸ் உறுப்பினர்களின் மேசைகள்வரை அது போனது. பண்ணை வேலைக்கு நடுவே எழுதிய ஒருவரின் குரல் தலைநகர்வரை போய்ச்சேர ஒரு பிராந்தியப் பத்திரிகை வழி செய்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இலக்கியமும் ஊர்ப் பிரசாரமும் ஒரே அட்டைக்குள் குடியிருப்பது கலிஃபோர்னியாவில் லம்மிஸோடு தொடங்கவில்லை. 1868 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘ஓவர்லேண்ட் மன்த்லி’ வந்தது. நாட்டின் வளர்ச்சிக்கே அர்ப்பணிக்கப்பட்டது என்று தலைப்பின் கீழேயே போட்டுக்கொண்டது. பதிப்பாளர் ஆன்டன் ரோமன் விரும்பியது கலிஃபோர்னியாவின் வளத்தைச் சொல்லும் கட்டுரைகளை. ஆசிரியர் பிரெட் ஹார்ட் விரும்பியது இலக்கியத்தை. இரண்டாவது இதழில் ஹார்ட் ஒரு தங்கச் சுரங்க முகாமை வைத்து எழுதிய கதையைப் பார்த்து, மெய்ப்புத் திருத்துபவரே ஒழுக்கக்கேடு என்று பதறிப்போனார். கதை கிழக்கே போய்க் கொண்டாடப்பட்டது. ஹார்ட்டும் 1871-இல் கிழக்கே போய்விட்டார். ‘ஓவர்லேண்ட்’ பத்திரிகையின் சின்னத்தில் முதலில் ஒரு கரடி மட்டும்தான் நின்றதாம். அதன் காலடியில் ஹார்ட் இரண்டு கோடுகள் கிழித்தார். அவ்வளவில் அது வருகிற ரயிலை எதிர்த்துத் தண்டவாளத்தில் நிற்கும் கரடியாகிவிட்டது. பத்துப் பக்கத் தலையங்கம் சொல்ல முடியாததை அந்த இரண்டு கோடுகள் சொல்லிவிட்டன.

லம்மிஸ் ரயிலை எதிர்த்து நிற்கவில்லை. ரயிலில் வருகிறவர்களுக்காகவே அவர் எழுதினார். அதுதான் அவரைப் படிப்பதில் உள்ள சிக்கல்.

அவர் செய்த நல்ல காரியங்களில் இதை முதலாவதாகச் சொல்வேன்: 1895-இல் அடையாளச் சின்னங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். ஸ்பானியர் காலத்து மிஷன் கட்டடங்கள், அதாவது கிறிஸ்தவப் பாதிரிமாரின் சமயப் பணி நிலையங்கள், கூரை சரிந்து மழையில் கரைந்துகொண்டிருந்தன. அவை பச்சை மண் செங்கல்லால் கட்டியவை, கூரை போனால் சுவரும் போய்விடும். சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா ஒரு டாலர். சான் வான் கபிஸ்ட்ரானோ, சான் ஃபெர்னாண்டோ, சான் டியேகோ, பாலா ஆகிய இடங்களில் கூரைகளும் சுவர்களும் காப்பாற்றப்பட்டன. பத்திரிகை கணக்கைப் பகிரங்கமாக வெளியிட்டுவந்தது: இதுவரை வந்தது இவ்வளவு, புதிதாக வந்தது இவ்வளவு, கொடுத்தவர் பெயர், எதிரே தொகை. பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே ஒரு டாலர்தான். அந்தக் கட்டடங்களில் நிற்கும்போது, கூரையில் இருக்கும் ஓடுகளில் எவை யாருடைய ஒரு டாலரோ என்று நினைத்துக்கொள்வேன். சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்ட இடிபாடுகள் தேவைப்பட்டதால் ஊர் வணிகர்களும் இதில் சேர்ந்தார்கள். அதுவும் உண்மைதான். அந்தச் சுவர்களை எழுப்பிய பூர்வகுடிகளின் உழைப்பும் துன்பமும் அந்த அழகிய படங்களின் பின்னால் மங்கிப்போனதும் உண்மைதான்.

இன்னொரு காரியத்தை நல்லது, கெட்டது என்று பிரிக்கவே முடியவில்லை. சான் டியேகோ மாவட்டத்தில் வார்னர் பண்ணை என்ற இடத்தில், வெந்நீர் ஊற்றருகே கூபா என்ற ஊர். கூபெனோ என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். நிலம் அவர்களுடையதல்ல என்று 1901-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லம்மிஸ் பத்திரிகையில் கொதித்தார். பூர்வகுடிகளின் நலனுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1902-இல் கூபாவிலிருந்து துரத்தப்படுபவர்களைப் பற்றி ‘அவுட் வெஸ்ட்’ விரிவான கட்டுரை வெளியிட்டது. அவர்களுக்கு மாற்று நிலம் தேட அரசு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவரானார். இடம் இடமாகப் பார்த்து, மண்ணும் தண்ணீரும் நல்லதாக இருக்கிறது என்று பாலாவைத் தேர்ந்தெடுத்தார். பழைய ஊரைவிட வளமான நிலம் என்பதை அவர் நிறுவிக் காட்டவும் செய்தார்.

அந்த மக்களிடம், இதைவிட்டால் அடுத்து எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டபோது, கூபாவின் தலைவர் செசிலியோ பிளாக்டூத் இடுகாட்டைக் காட்டினார். எங்கள் அப்பன்மாரும் பாட்டன்மாரும் அங்கே இருக்கிறார்கள். வேறு எந்த இடமும் எங்களுக்கு வேண்டாம் என்பதே பதிலின் சாரம். 1903 மே மாதம் வண்டிகள் வந்தன. அவர்கள் பாலாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்றும் பாலாவில் மே மாதத்தில் கூபா நாட்களை அனுசரிக்கிறார்கள்.

நல்ல மண், போதுமான தண்ணீர், பழைய இடத்தைவிட அதிக ஏக்கர். இந்தச் சொற்களைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இது அப்படியே பத்திரிகையின் மனை விளம்பர மொழி. எட்டு ஆண்டுகளாகக் கிழக்கத்தி வாசகர்களிடம் நிலத்தை அதே அளவுகோல்களால் புகழ்ந்து எழுதிய கை அது. அவர் அந்த மக்களை நேசித்தார். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அவர் தலையிடாவிட்டால் அவர்களுக்கு இதைவிட மோசமான நிலம்தான் வாய்த்திருக்கும். ஆனால் ஒரு ஊர் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல அவரிடமிருந்த மொழி போதவில்லை. விளம்பரப் பக்கங்களை நீக்கிவிட்டு அந்தக் கட்டுரையை மட்டும் படித்தால் இது புலப்படவே புலப்படாது. நூலகத் தொகுதியில் படித்தபோது எனக்கும் புலப்படவில்லை.

புலப்பட்டது, பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்து இதழ் ஒன்று முழுமையாகக் கிடைத்தபோதுதான். பைண்டு செய்யப்படாதது; அட்டையின் ஓரம் பொடிந்து விரலில் ஒட்டியது. உள்ளே, 1630-இல் ஒரு பிரான்சிஸ்கன் பாதிரியார் நியூ மெக்சிகோவைப் பற்றி ஸ்பெயின் மன்னருக்கு எழுதிய விண்ணப்பத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அடிக்குறிப்புகளோடு. பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய வேலையைப் பத்து சென்ட் பத்திரிகை செய்துகொண்டிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் பக்கம் பக்கமாக ஹோட்டல்கள், ரயில் பயணங்கள், ஆரஞ்சுத் தோப்புகள், தீக்கோழி இறகு. வழவழப்பான தாளில் அந்தப் படங்களின் கறுப்பு இன்னும் ஈரம் போல மின்னியது. விண்ணப்பம் எழுதிய பாதிரியாரும் தோப்பு விற்ற வியாபாரியும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. இருவருமே தூரத்தில் இருப்பவரிடம் இந்த நாட்டின் வளத்தைச் சொல்லி, ஆட்களை அனுப்பச் சொல்கிறார்கள்.

மீதிக் கதை சுருக்கமானது. 1898-இல் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனமே ‘சன்செட்’ என்று சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கியது. அவ்வளவு பணபலத்தோடு போட்டி போட முடியாது. லம்மிஸுக்கும் வேலைகள் பெருகின. ஆற்றங்கல் பொறுக்கித் தன் கையாலேயே ஆண்டுக்கணக்கில் ஒரு வீடு கட்டினார். 1905-இல் நகர நூலகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்; திருட்டுப் போகாதிருக்க, மாட்டுக்குச் சூடு போடுவது போல அரிய புத்தகங்களுக்கு இரும்பால் சூடு போட்டவர் அவர். 1907-இல் தென்மேற்கு அருங்காட்சியகத்துக்கு அடித்தளமிட்டார். 1909-இல் பத்திரிகையை விட்டு விலகினார். அதன் பிறகு கைமாறிக் கைமாறி மெலிந்த ‘அவுட் வெஸ்ட்’, 1923-இல் அந்தக் கரடிப் பத்திரிகையோடு இணைக்கப்பட்டது. இரண்டு பெயர்களையும் சுமந்துகொண்டு 1935 வரை வந்தது. லம்மிஸ் 1928 நவம்பரில் காலமானார். 1890-இல் ஏறத்தாழ 50,000 பேர் இருந்த நகரம் 1910-இல் 3,19,198 பேரைக் கொண்டிருந்தது. விற்பனை நடந்துவிட்டது.

லம்மிஸ் கட்டிய அந்த வீடு இன்னும் அரோயோ செகோ என்ற ஓடையின் ஓரமாக இருக்கிறது. ஒரு சன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக அவர் எடுத்த புகைப்படங்களின் கண்ணாடித் தகடுகளையே பதித்திருக்கிறார். பூர்வகுடி மக்களின் சடங்குகள், முகங்கள், பெருவின் இடிபாடுகள். வெளியே வெயில் அடித்தால்தான் உள்ளே படம் தெரியும். மேகம் மூடியிருந்த நாளில் போய்விட்டு, இன்னொரு நாள் வெயிலுக்காக மறுபடி போனேன்.

என்னிடம் இருக்கும் இதழில் ஒரு குறை உண்டு. பின்பகுதியில் ஒரு தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. 1901-இல் அதை வாங்கியவர் ஏதோ ஒரு விளம்பரத்தைக் கத்தரிக்கோலால் நேராக, பொறுமையாக வெட்டி எடுத்திருக்கிறார். தோப்பு விளம்பரமாக இருக்கலாம். எழுதிக் கேட்டு, ரயிலேறி, இங்கேயே வந்து குடியேறியும் இருக்கலாம். அந்தத் தாளின் மறுபுறம்தான் மிஷன் கூரைகளுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியல். விளம்பரத்தோடு சேர்ந்து பெயர்கள் போய்விட்டன. வலது ஓரத்தில் தொகைகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன: 1 டாலர், 1 டாலர், 5 டாலர், 1 டாலர்.